வண்டியைக் கழித்தால் எவ்வளவு?

ஒரு பெண்ணுக்குச் சிங்கப்பூரில் கிடைத்திருக்க வேண்டிய படிப்பை நான் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன். எழுபத்து மூன்று வயதில், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நல்ல ஆங்கிலத்தில், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் கெடுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், அதுவரை வாசித்துக்கொண்டு வந்தவர்கள் என்னை நல்லவன் என்று நினைத்திருப்பீர்கள்.

அந்தப் பெண்ணை எங்கள் தோட்டத்தில் டிம்பாங் அக்கா என்பார்கள். டிம்பாங் என்றால் மலாயில் எடை போடுவது. மலேசியாவில், கோலா பிலாவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்தில், ஆபீசுக்கு முன்னால், லோரிகளை ஏற்றி எடை பார்க்கும் இரும்புத் தட்டு ஒன்று தரையோடு தரையாகப் பதிந்திருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு கண்ணாடிச் சாவடி. பதினாறு வருஷம் அவள் அந்தச் சாவடியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிய தாள்களில் அதைப் பார்த்தபோது அவள்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு யாருடைய தாளோ கலந்துவிட்டது என்று எடுத்துத் தனியாக வைத்தேன்.

நெகிரி செம்பிலான் மாநிலம் முழுவதிலும் பொய்யைக் கிலோ கணக்கில் சொல்லக்கூடிய மனுஷி அவள் ஒருத்திதான்.

அவளுடைய வேலை இவ்வளவுதான். செம்பனைக் குலை ஏற்றிய லோரி தட்டின் மேல் ஏறும். சாவடிக்குள் சிவப்பு எண்கள் எரியும். அது மொத்த எடை. குலையை இறக்கிவிட்டு வெறும் லோரி மறுபடி ஏறும். அது வண்டி எடை. மொத்தத்திலிருந்து வண்டியைக் கழித்தால் மிஞ்சுவது சரக்கு. மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுப்பாள். இந்தக் கழித்தலை ஆயிரக்கணக்கான தடவை செய்து செய்து, உலகத்தில் உள்ள எதைப் பார்த்தாலும் அவளுக்குக் கழிக்கத் தோன்றிவிட்டது.

தேர்தல் சமயத்தில் ஒரு வேட்பாளர் வந்து எங்கள் கோயில் முன்னால் ஒரு மணி நேரம் பேசினார். எல்லாரும் கை தட்டினோம். "எப்படிம்மா பேச்சு?" என்று அவளைக் கேட்டேன்.

"வண்டியக் கழிச்சா மூணு நிமிஷம் வரும்லா ஐயா. அதுலயும் ஒரு நிமிஷம் தண்ணி குடிச்சாரு."

அவளைப் பெண் பார்க்கத் தம்பினிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் மாமா வீட்டைப் பற்றிச் சொன்னார், காரைப் பற்றிச் சொன்னார், இன்னொரு வீட்டைப் பற்றிச் சொன்னார். அவள் தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மரியாதையாகவே கேட்டாள்: "மாமா, வண்டியக் கழிச்சா மாப்பிள்ள எவ்ளோ?"

மாமா திகைத்துப் போனார். தன் எடையைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, மாப்பிள்ளையே "எண்பத்தேழு" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அவள் சொன்னாள்: "வந்ததுல அவரு ஒருத்தருதாம்மா உண்மையச் சொன்னாரு. அவரக் கட்டிருப்பேன். அவரே பயந்துட்டாரு."

முனியாண்டி என்ற லோரிக்காரனின் கதையையும் சொல்ல வேண்டும். ஒருநாள் அவன் மாமியாரை முன் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு குலையோடு தட்டில் ஏறினான். மாமியார் கனமானவர். குலையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பி வந்தபோது மாமியாரைக் காணோம்.

"மாமியா எங்க?"

"கோயிலுக்குப் போயிருக்காங்கக்கா."

"கூட்டியாந்து ஏத்து. குலைக்குத்தான் காசு குடுப்பாங்க, மாமியாருக்குலாம் குடுக்க மாட்டாங்க."

முனியாண்டி மாரியம்மன் மேல் சத்தியம் செய்தான். பிறகு லோரியின் மேல் சத்தியம் செய்தான். அவள் சன்னலைச் சாத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். பின்னால் ஏழு லோரிகள் ஹாரன் அடித்தன. அரை மணி கழித்து மாமியார் திருநீறும் வியர்வையுமாக வந்து ஏறினார். வண்டி எடை எழுபது கிலோ கூடியது. "இப்ப சரி" என்று சீட்டை எழுதிக் கொடுத்தாள். அன்றிலிருந்து முனியாண்டி அவளுக்குப் பக்தன்.

அந்தத் தட்டு பத்துப் பத்தாகத்தான் எண் காட்டும். நடுவில் தொங்கும் நாலு கிலோ, மூன்று கிலோவை விழுங்கிவிடும். "அக்கா, ஒரு பத்து தூக்கிப் போடுங்க" என்று கெஞ்சாத லோரிக்காரன் இல்லை. "மிஷின் என்னா சொல்லுதோ அதான்" என்பாள். தீபாவளிக்கு முந்திய நாள்கூட, சொந்த அண்ணனுடைய லோரிக்குக்கூட, அவள் பத்துக் கிலோ தூக்கிப் போட்டதில்லை.

சன்னலைச் சாத்திவிட்டு அவள் திறந்த புத்தகம் நிதித்துறைப் பாடப் புத்தகம். தொலைக்கல்வியில் பட்டம் வாங்க அவளுக்கு எட்டு வருஷம் ஆயிற்று. ஒரு லோரிக்கும் அடுத்த லோரிக்கும் இடையில்தான் படிப்பு. மழைக்காலத்தில் லோரிகள் குறையும். அதனால் மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் மதிப்பெண்ணும் நன்றாக வந்தது.

அவளுக்கு இந்தப் படிப்புப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் டுரியான். பக்கத்து மலாய்க் கிராமத்தில் ஒரு பாக்சிக்குக்கு, அதாவது மலாய்ப் பெரியவருக்கு, ஐந்தாறு டுரியான் மரங்கள் உண்டு. மரம் பூ விடும்போதே இவள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவாள். ஒரு சின்னத் தொகையை அவர் கையில் கொடுத்து, "பழம் விழுறப்ப இந்த விலைக்கு நான் எடுத்துக்குவேன். வேணாம்னு தோணுனா எடுக்க மாட்டேன். இந்தக் காச மட்டும் திருப்பிக் கேக்க மாட்டேன்" என்று மலாயில் பேசி முடிப்பாள். பூவுக்குக் காசு கொடுக்கிறாள் என்று தோட்டமே சிரித்தது. விலை ஏறிய வருஷம் பழைய விலைக்கு எடுத்து விற்றாள். விலை விழுந்த வருஷம் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். பாக்சிக்குக்கும் வருத்தமில்லை, பூவிலேயே காசு பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பல வருஷம் கழித்து ஒருநாள் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். யாரோ அவள் வீட்டுக் கோழியைப் பிடித்துக்கொண்டு போனதுபோல் முகம்.

"ஐயா, நான் பாக்சிக்கிட்ட செஞ்சதுக்கு இதுல பேரு வச்சிருக்காங்க. ஆப்ஷனாம். ஒரு பாடமே போட்டிருக்காங்க."

"நல்லதுதானம்மா."

"என்னா நல்லது? குலை வெலைய எவனோ எங்கயோ உக்காந்துக்கிட்டு ஏத்துறான், எறக்குறான். இங்க உள்ளவங்களுக்கு ஏன்னே தெரியாது. அதுக்கும் ஒரு பேரு இருக்கும்லா. எல்லாப் பேரையும் தெரிஞ்சுக்கிட்டு வந்துடறேன்."

அப்படித்தான் முப்பத்தெட்டு வயதில் சிங்கப்பூரில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் நிதித்துறை முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தாள். இடங்கள் கொஞ்சம், போட்டி உலகம் முழுவதிலிருந்தும். முதலில் ஒரு நுழைவுத் தேர்வு. அதற்குக் கேள்விக்கு இரண்டு நிமிஷம் என்று பழக வேண்டும். முனியாண்டி லோரியிலிருந்து இறங்கி, போனில் நேரம் பிடித்துக்கொண்டு நிற்பான். "நேரமாச்சுக்கா" என்று அவன் கத்தும்போது பின்னால் இருக்கும் லோரிக்காரர்களும் "நேரமாச்சுக்கா" என்பார்கள். கோலாலம்பூர் போய்த் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். அவள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் ஏதோ சுருக்கென்றது. அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, ஏன் படிக்க விரும்புகிறாய் என்று ஆயிரம் சொற்களில் எழுத வேண்டும். அவள் ஒன்பது வரி எழுதினாள். டுரியான் பூ, குலை விலை, தெரியாத பெயர்கள். முடிந்தது.

"ஆயிரம் சொல் கேட்டிருக்காங்கம்மா."

"மிச்சம்லாம் வண்டி ஐயா."

கடைசியாக இரண்டு சிபாரிசுக் கடிதம். ஒன்றைத் தொலைக்கல்வி விரிவுரையாளர் எழுதினார். மற்றது வேலை பார்த்த இடத்து மேலதிகாரி எழுத வேண்டும். பத்து வருஷம் அவளுக்கு மேலே இருந்தவன் தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. அது நான்தான். ஓய்வு வயதுக்குப் பிறகும் என் ஆங்கிலத்துக்காக என்னை ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். வேலையை விட்ட பிறகும் தோட்டத்தை ஒட்டித்தான் வீடு.

என் மகனும் இதே படிப்புக்கு விண்ணப்பித்தவன். இரண்டு தடவை. அவனுக்கு நல்ல பள்ளிக்கூடம், தனி டியூஷன், மேசை, மின்விசிறி எல்லாம் கொடுத்தேன். இரண்டு தடவையும் வருந்துகிறோம் என்று வந்தது. இப்போது ரஹாங்கில் குடியிருந்துகொண்டு சிரம்பானில் வேலைக்குப் போகிறான், நன்றாகத்தான் இருக்கிறான். டிம்பாங் அக்காவின் தேர்வு மதிப்பெண் அவனுடையதைவிட அதிகம். ஹாரன் சத்தத்தில் படித்து வாங்கியது.

அன்று மாலை கடிதம் எழுத உட்கார்ந்தேன். அந்தக் காலத் துரைமார்கள் விட்டுப்போன நற்சான்றிதழ் வாசகம் ஒன்று எனக்கு மனப்பாடம். வாட்ச்மேனுக்கும் டிரைவருக்கும் பங்களாச் சமையல்காரருக்கும் நாற்பது வருஷம் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். அதை அப்படியே எழுதினேன். "மேற்கண்டவர் கீழ்ப்படிதல் உள்ளவர். நேரம் தவறாதவர். மது அருந்துவதாகத் தெரியவில்லை. கொடுத்த வேலையைக் குறைவின்றிச் செய்பவர்." இரண்டு பக்கம் இப்படியே. கூடவே கட்டங்கள் போட்ட ஒரு படிவமும் இருந்தது. நேரம் தவறாமை என்ற இடத்தில் மிக நன்று என்பதைத் தட்டினேன். சிந்தனைத் திறன் என்ற இடத்தில் சராசரி என்பதைத் தட்டினேன்.

பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாசகம் பழக்கத்தில் வந்தது. சராசரி பழக்கத்தில் வரவில்லை. விரலை அந்தக் கட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் தட்டினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தபோது நான் சாவடியில் அவள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். போனைப் பார்த்தாள். "கெடைக்கலலா ஐயா" என்றாள். அடுத்த லோரியைக் கையசைத்து வரச்சொன்னாள். நான் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் என் முகம் சரியில்லை என்று கேள்விப்பட்டு, பிசாங் கோரேங் என்ற வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். "எனக்காக வருத்தப்படாதீங்க ஐயா. ஒடம்பு கெட்டுரும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்தப் பிசாங் கோரேங்கை நான் வாயில் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மாதம் தாங்கினேன். பிறகு ஒரு காலையில் சாவடிக்குப் போய் நின்றேன். பெற்றோர் பாசம், மனித மனத்தின் பலவீனம், என் கண் பார்வை என்று ஒரு பெரிய பேச்சைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். பாசத்திலேயே ஐந்து நிமிஷம் போயிற்று. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டாள்.

"ஐயா."

"என்னம்மா?"

"வண்டியக் கழிங்க."

"உனக்கு நான் எழுதின லெட்டர் நல்ல லெட்டர் இல்ல. உன்னைச் சராசரின்னு போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

"ஏன்?"

"என் மகன் ரெண்டு தடவை எழுதிப் போட்டாம்மா. அவனுக்காக நான்..."

"கழிங்க."

கழித்தேன். ஒரு சொல்தான் மிஞ்சியது.

"பொறாமை."

அப்போது முனியாண்டியின் வெறும் லோரி இரண்டாம் தடவையாகத் தட்டில் ஏறியது. அவள் எண்ணைப் பார்த்தாள், சீட்டை எழுதினாள், நீட்டினாள். முனியாண்டி வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இதப் பாத்தா என் லோரி பறக்கணுமே. குலைய ஏத்துனா எட கொறையுது."

மொத்தத்தின் இடத்தில் வண்டியையும், வண்டியின் இடத்தில் மொத்தத்தையும் எழுதியிருந்தாள். சீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதினாள். "தப்பு. மன்னிச்சுக்க" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் எழுதிய முதல் தப்புச் சீட்டு அது. முனியாண்டி அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். லோரியை மெதுவாக எடுத்துக்கொண்டு போனான்.

"வேல இருக்கு கிராணி" என்றாள் அவள்.

எத்தனையோ வருஷமாக ஐயா என்று கூப்பிட்டவள். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான் தண்டனை. எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு கனம் என்று தெரியும்.

பல்கலைக்கழகத்துக்கு நான் செய்ததை மறைக்காமல் எழுதினேன். முடிவை மாற்ற இயலாது, அவர் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று மூன்று வரியில் பதில் வந்தது. ரஹாங்கிற்குப் போய் மகனிடமும் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்தான். "அப்பா, அந்தப் படிப்பு எனக்கு வேணும்னு நான் எப்பயாச்சும் சொன்னனா? நீங்க சொன்னீங்க, நான் எழுதிப் போட்டேன். எடம் கெடைக்காதப்ப நிம்மதியா தூங்குனேன்." யாருக்காகப் பொறாமைப்பட்டேனோ அவனுக்கே அந்தப் பொறாமை தேவைப்படவில்லை. அந்தச் சரக்கையும் நானே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

அடுத்த வருஷம் விண்ணப்பம் திறந்த அன்று வீட்டு வாசலில் அவளுடைய மோட்டார் வந்து நின்றது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே பேசினாள்.

"கிராணி, லெட்டர் வேணும்."

"நானா?"

"நீங்கதான்."

"மேனேஜர்கிட்ட கேளும்மா. நல்லா எழுதுவாரு."

"அவருக்கு என் சாவடி எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. என்னோட சரக்கு எவ்ளோன்னு தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான். தெரிஞ்சதாலதானே கொறைச்சுப் போட முடிஞ்சுது."

இரண்டு வாரம் எழுதினேன். முதல் பத்தியில் போன வருஷம் நான் செய்ததை எழுதினேன். அதற்குக் கீழே டுரியான் பூவை எழுதினேன், வண்டியைக் கழிப்பதை எழுதினேன், முனியாண்டியின் மாமியார் எழுபது கிலோ என்பதையும் எழுதினேன். கீழ்ப்படிதல் என்ற சொல்லை எந்த இடத்திலும் போடவில்லை. அவளுக்கு அந்தக் குணம் கிடையாது.

இந்தத் தடவை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். கணினியில்தான். தோட்டத்தில் இணையம் நன்றாகக் கிடைக்கும் ஒரே இடம் அந்தச் சாவடி. அதனால் முனியாண்டி தன் லோரியை வாசல் பாதையில் குறுக்கே நிறுத்தி, ஹாரன் அடித்தால் மண்டையை உடைப்பேன் என்று சொல்லிக்கொண்டு கையைக் கட்டி நின்றான். நாற்பது நிமிஷம் தோட்டத்தில் ஒரு குலை நகரவில்லை. நான் தூரத்தில் ஒரு செம்பனை மரத்தடியில் நின்றேன். முடிந்ததும் அவளே நடந்து வந்தாள்.

"பாதி நேரம் ஒங்களப் பத்திதான் கேட்டாங்க. கெடுத்த ஆளுகிட்டயே ஏன் மறுபடி லெட்டர் வாங்குனேன்னு."

"என்னம்மா சொன்ன?"

"அவரு வெல ரொம்ப விழுந்து கெடந்துச்சு, அவரே அவர வித்துட்டாரு, உள்ள என்னா இருக்குன்னு எனக்குத் தெரியும், அதான் நான் வாங்கிட்டேன்னு சொன்னேன்."

"அவங்க?"

"ஒருத்தரு சிரிச்சாரு. ஒருத்தரு எழுதிக்கிட்டாரு ஐயா."

ஐயா என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை. நேர்காணல் நன்றாக நடந்ததா என்பதைக்கூட மறுநாள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இடம் கிடைத்தது. பாதிக் கட்டணத்துக்கு உதவியும் கிடைத்தது. மீதிக்குப் பதினாறு வருஷச் சேமிப்பு. போன மாதம் கிளம்பினாள். வேலையின் கடைசி நாளன்று என்னை வரச்சொல்லி, தட்டைக் காட்டினாள்.

"ஏறுங்க."

லோரிகள் ஏறும் தட்டின் நடுவில், குடையைப் பிடித்துக்கொண்டு நான் தனியாக நின்றேன். வரிசையில் இருந்த லோரிக்காரர்கள் சிரித்தார்கள். சாவடிக்குள் சிவப்பு எண் எரிந்தது. ஐம்பது. அவள் எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சீட்டை எழுதிக் கொடுத்தாள். மொத்தம் அறுபது. வண்டி என்ற இடத்தில் ஒரு கோடு. சரக்கு அறுபது.

"மிஷின் ஐம்பதுன்னுல்ல காட்டுதும்மா."

"மிஷின் பழசு ஐயா" என்று சன்னலைச் சாத்திக்கொண்டாள்.

போன வாரம் இரத்த அழுத்தம் பார்க்கக் கோலா பிலா கிளினிக்குக்குப் போயிருந்தேன். தாதி என் எடையைக் கேட்டாள். அறுபது என்றேன். ஏறி நிற்கச் சொன்னாள்.

"ஐம்பத்து நாலுதான் காட்டுது ஐயா."

சட்டைப் பையில் இருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"மிஷின் பழசும்மா" என்றேன்.